நிபுணர் வாக்கும் சங்கப் பேரேடும்

சோளக்காட்டுச் சந்தை கூடிய நாளொன்றில், சங்கக் கணக்குகளைப் பரிசீலிப்பதற்காகக் கொல்லிமலைக்குச் சென்றிருந்தேன். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே சேரும்போது காலை பத்து மணி ஆகிவிட்டது. ரொக்கப் புத்தகத்தையும் பேரேட்டையும் ஒப்பிட்டுப் பார்த்து முடித்து, பிற்பகலில் திண்ணையில் அமர்ந்திருந்தேன். அப்போது முதியவர் ஒருவர், மிளகு மூட்டையை எடைக்கு வைத்துவிட்டு என்னருகே வந்தார். தலைமுறை தலைமுறையாக அம்மலையில் பயிர் செய்து வருபவர். சங்கத்தின் பழைய அங்கத்தினர்.

"ஐயா, பெரிய படிப்புப் படித்தவர்களை அழைத்து வைத்துக்கொண்டு சர்க்கார் யோசனை கேட்கிறது என்கிறார்களே, மெய்தானா?" என்று கேட்டார்.

"மெய்தான், பெரியவரே" என்றேன்.

"அப்படியானால் எங்கள் மிளகையும் காப்பியையும் பற்றி அவர்களிடம் யாராவது கேட்டார்களா?"

அவர் வேடிக்கையாகக் கேட்கவில்லை. காப்பி விலை வீழ்ந்துபோன காலத்தில் அவருடைய தகப்பனார் செடிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு மரவள்ளி வைத்தாராம். இப்போது காப்பி விலை ஏறியிருப்பதைக் கண்டு, மீண்டும் காப்பி நாற்று வைக்கக் கடன் வேண்டும் என்று மகன் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறான். செடி காய்த்துப் பலன் தர மூன்று நான்கு ஆண்டுகளாகும். அதுவரை விலை நிற்குமா என்பதே அவர் கவலை.

கல்லூரியில் பொருளாதாரம் பயின்றவன் நான். ஆயினும் அவருக்கு உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. மலையை விட்டு இறங்கியபின் பல நாள் எண்ணிப் பார்த்து எழுதியதே இக்கட்டுரை.

லண்டனில் முறிந்த ஒப்பந்தம்

முதலில் அந்தத் தகப்பனாரின் கதையைப் பார்ப்போம். அவர் செடிகளைப் பிடுங்கக் காரணமாயிருந்தது கொல்லிமலையில் நடந்த எதுவும் அன்று.

காப்பி விளைவிக்கும் நாடுகளும் காப்பி குடிக்கும் நாடுகளும் 1962-ல் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. எந்த நாடு எவ்வளவு காப்பியை வெளியே அனுப்பலாம் என்பதற்கு அளவு வகுத்து, விலை அதல பாதாளத்தில் விழாமல் காப்பதே அதன் நோக்கம். இடையிடையே தடைப்பட்டாலும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அம்முறை ஓரளவு நடந்து வந்தது. பங்கு பிரிப்பதில் நாடுகளுக்குள் மனத்தாங்கல் முற்றியதால், 1989 ஜூலையில் லண்டனில் அந்த அளவு முறை கைவிடப்பட்டது. சேமிப்பில் இருந்த காப்பி சந்தைக்குள் பாய்ந்தது. சில மாதங்களுக்குள் உலக விலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. நம் காப்பியைப் பெருமளவில் வாங்கி வந்த சோவியத் நாடும் 1991-ல் சிதறிப்போயிற்று. அதே காலத்தில் நம் நாட்டின் பொருளாதாரக் கொள்கையும் மாறியது. காப்பி வாரியம் விளைச்சல் அனைத்தையும் வாங்கித் தொகுத்து விற்று வந்த முறை 1992 முதல் படிப்படியாகத் தளர்த்தப்பட்டு, 1996-ல் முடிவுக்கு வந்தது. அதன்பின் விற்பது எங்கே, எப்போது, என்ன விலைக்கு என்பது விவசாயியின் சொந்தப் பொறுப்பாயிற்று.

அரபிகா காப்பியின் விலை 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. பிரேசிலில் மழை பொய்த்ததும் அதற்கு ஒரு காரணம். வாழவந்தி நாட்டிலோ வளப்பூர் நாட்டிலோ இருக்கும் ஒரு குடும்பம் செடியைப் பிடுங்குவதா, வைப்பதா என்பதை லண்டனும் நியூயார்க்கும் பிரேசிலும் சேர்ந்து முடிவு செய்கின்றன.

நெசவாளத் தோழர்களுக்கும் இதுவே நிலை. அமெரிக்க அரசு 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குகள் பலவற்றின் மேல் தீர்வையை 50 விழுக்காடாக உயர்த்தியபோது, திருப்பூரும் கரூரும் கலங்கியதை நாம் கண்டோம். ஆகவே, தலைவர்கள் நிபுணர்களிடம் என்ன கேட்கிறார்கள், நிபுணர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதை நமக்குத் தொடர்பில்லாத பெரிய இடத்து விவகாரம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

கோயம்புத்தூர்க்காரர் சென்ற மகாநாடு

உலகப் பொருளாதாரத்தைப் பற்றி அரசுகளும் நிபுணர்களும் ஒன்றாக அமர்ந்து ஆலோசித்த பெரிய நிகழ்ச்சி 1944 ஜூலையில் அமெரிக்காவில் பிரெட்டன் உட்ஸ் என்னும் இடத்தில் நடைபெற்றது. யுத்தம் முடியுமுன்னரே 44 நாடுகளின் பிரதிநிதிகள் அங்கே கூடினர். சர்வதேச நிதியமும் உலக வங்கியும் அங்குதான் உருப்பெற்றன. பிரிட்டனின் சார்பில் பேச வந்தவர் கெய்ன்ஸ் என்ற பேர்பெற்ற பொருளாதார அறிஞர்.

இந்தியா அன்று அடிமை நாடு. நம் தூதுகோஷ்டிக்குத் தலைவராகச் சென்றவரும் ஆங்கில அதிகாரியே. ஆயினும் அதில் சி. டி. தேஷ்முக் இருந்தார், கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆர். கே. சண்முகம் செட்டியார் இருந்தார். யுத்த காலத்தில் இந்தியா பிரிட்டனுக்குத் துணியும் தானியமும் பிற பொருள்களும் கடனாகக் கொடுத்திருந்தது. அதற்கு ஈடாக லண்டனில் நம் பேரில் ஸ்டெர்லிங் பாக்கி குவிந்தது. யுத்தம் முடிந்தபோது அது 1,700 கோடி ரூபாயை எட்டியிருந்தது. அந்தப் பாக்கியைத் தீர்க்கப் புதிய நிதியம் வழி செய்ய வேண்டும் என்று நம்மவர்கள் வாதாடினர். பிரிட்டனும் அமெரிக்காவும் இணங்கவில்லை. அது இரு நாடுகளும் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் என்று ஒதுக்கிவிட்டனர்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. நிபுணர்களின் அறிவு பெரிதுதான். ஆனால் எந்தக் கேள்வியை எடுத்துக்கொள்வது என்பதை முடிவு செய்தவர்கள் அதிகாரம் படைத்தவர்கள். கேட்கப்படாத கேள்விக்கு எத்தகைய மேதையும் விடை தருவதில்லை. சண்முகம் செட்டியார் பின்னர் 1947-ல் சுதந்தர இந்தியாவின் முதல் நிதியமைச்சரானார் என்பதை அன்பர்கள் அறிவர்.

ஒரே தறிக்கு இரண்டு தீர்ப்புகள்

நிபுணர் கூறுவது எப்போதும் ஒன்றாகவே இருக்கும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கைத்தறியின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

ராஜாஜி 1952-ல் சென்னை ராஜ்யத்தின் முதலமைச்சரானபின், வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே ஒதுக்கப்பட வேண்டும் என்று வாதாடினார். மத்திய சர்க்கார் ஆலைகளின் வேட்டி உற்பத்திக்கு வரம்பு கட்டியது. ஆலைத் துணியின் மீது தீர்வை விதித்துக் கைத்தறிக்கு உதவும் சட்டம் 1953-ல் வந்தது. ஆனால் நித்தியானந்த கனுங்கோ தலைமையில் அமைந்த ஜவுளி விசாரணைக் குழு 1954-ல் தந்த அறிக்கை, கைத்தறிகளைப் படிப்படியாக விசைத்தறிகளாக மாற்றுவதே நல்லது என்றது. ஓராண்டு கழித்து, பூனாவைச் சேர்ந்த பொருளாதாரப் பேராசிரியர் டி. ஜி. கார்வே தலைமையில் அமைந்த கிராமத் தொழில், சிறு தொழில் குழு வேறு விதமாகக் கூறியது. நாட்டுக்குக் கூடுதலாக வேண்டிய துணியைக் கைத்தறியே நெய்யட்டும். அதனால் கிராமத்தில் வேலை பெருகும். அதற்குக் கூட்டுறவுச் சங்கங்களே தக்க சாதனம் என்றது அக்குழு.

ஓராண்டு இடைவெளியில் ஒரே தறிக்கு இரண்டு தீர்ப்புகள்! இரண்டுமே அறிவாளிகள் ஆராய்ந்து எழுதியவைதாம். துணி மலிவாக வேண்டும் என்று முதற்குழு பார்த்தது. நெசவாளனுக்கு வேலை வேண்டும் என்று இரண்டாவது குழு பார்த்தது. இரண்டில் எது முதன்மை என்று தேர்ந்தெடுப்பது மக்கள் அனுப்பிய தலைவர்களின் கடமை. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் பெரும்பாலும் கார்வே வழியைத் தழுவியது. பின்னாளில் இடைவெளியில் புகுந்து பெருகியது விசைத்தறி என்பதை எந்த நெசவாளருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. ஏட்டில் எழுதியது ஒன்று, நாட்டில் நடந்தது வேறொன்று.

அண்மைக் கால உதாரணமும் ஒன்று உண்டு. கச்சாப் பட்டின் இறக்குமதித் தீர்வை 2011-ல் 30 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. மலிவாகப் பட்டு கிடைக்கும் என்று நெசவாளர் மகிழ்ந்தனர். பட்டுப்புழு வளர்ப்போர் தம் கூட்டுக்கு விலை போய்விடும் என்று கண்ணீர் வடித்தனர். பின்னர் தீர்வை மீண்டும் உயர்த்தப்பட்டது. நெசவாளரும் விளைவிப்போரும் சேர்ந்து படிக்கும் இந்தப் பத்திரிகையின் ஒரு பக்கத்தில் நல்ல செய்தியாக இருப்பது மறுபக்கத்தில் துயரச் செய்தியாகலாம். ஒரு சாராரை மட்டும் விசாரித்துக் கூறப்படும் யோசனை எத்தனை நுட்பமானதாயினும் அரை யோசனையே.

தனித்து நின்ற ஒரு குரல்

இரண்டாம் திட்டம் தீட்டப்பட்டபோது நடந்த மற்றொரு நிகழ்ச்சியும் நாம் நினைவில் இருத்தத் தக்கது. நிதியமைச்சர் தேஷ்முக் தலைமையில் 1955-ல் பொருளாதார நிபுணர்களின் குழு ஒன்று கூட்டப்பட்டது. டி. ஆர். காட்கில், வி. கே. ஆர். வி. ராவ் போன்ற பெருமக்கள் அதில் இருந்தனர். பேராசிரியர் மகலனோபிஸ் வகுத்த திட்டச் சட்டகத்தை அக்குழு பொதுவாக ஏற்று அறிக்கை தந்தது. பி. ஆர். ஷெனாய் என்ற ஒரே ஒருவர் தம் மாறுபட்ட குறிப்பைத் தனியே எழுதிக் கொடுத்தார்.

அவர் கூறியது இதுதான்: நாட்டின் சேமிப்பை மீறிச் செலவு செய்யாதீர்கள், பற்றாக்குறையை நோட்டு அடித்து நிரப்பினால் விலைவாசி ஏறும், அந்நியச் செலாவணி கரையும். வரவை மீறிக் கடன் வாங்கும் அங்கத்தினருக்கு நல்ல சங்கச் செயலாளர் சொல்லும் புத்திமதியைத்தான் அவர் சர்க்காருக்குச் சொன்னார். பெரும்பான்மையோர் கருத்தே ஏற்கப்பட்டது. பொதுத்துறைச் செலவு 4,800 கோடி ரூபாய் என்றும், அதில் 1,200 கோடி பற்றாக்குறை நிதி என்றும் திட்டம் வகுக்கப்பட்டது.

இரண்டு ஆண்டுகளுக்குள் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்துவிட்டது. யுத்த காலத்தில் துணியும் தானியமும் கொடுத்துச் சேர்த்த ஸ்டெர்லிங் பாக்கியில் எஞ்சியிருந்ததன் பெரும்பகுதி யந்திரங்களுக்கும் உணவு தானியங்களுக்குமாகக் கரைந்தது. திட்டத்தின் பல பகுதிகள் சுருக்கப்பட்டன. 1958 ஆகஸ்டில் கடன் தரும் நாடுகளை உலக வங்கி வாஷிங்டனில் கூட்டிவைத்து நமக்கு உதவி தேட வேண்டியதாயிற்று. நெருக்கடிக்கு விளைச்சல் குறைவு முதலிய வேறு காரணங்களும் உண்டு. எல்லாவற்றிலும் ஷெனாய் கண்டதே சரி என்று சொல்ல நான் முற்படவில்லை. கைத்தறிக்குப் பாதுகாப்புத் தந்ததும் அதே திட்டந்தான். ஆயினும் தனித்து நின்றவரின் எச்சரிக்கை அறிக்கையோடு சேர்த்து அச்சிடப்பட்டு நம் கைக்கு வந்தது. மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்யும் அந்தப் பழக்கம் போற்றத்தக்கது. நம் நிர்வாகக் குழு நடவடிக்கைப் புத்தகங்களில், "ஏகமனதாக நிறைவேறியது" என்ற சொற்றொடரையே பக்கத்துக்குப் பக்கம் படித்துச் சலித்தவன் நான். ஓர் அங்கத்தினர் மாறுபட்டால் அவர் பெயரையும் காரணத்தையும் இரண்டு வரி எழுதிவைப்பதால் சங்கத்துக்கு யாதொரு குறைவும் நேராது. பின்னொரு நாள் அந்த இரண்டு வரி சங்கத்தைக் காக்கவும் கூடும்.

கிராமத்துக்கு வந்து கேட்டவர்கள்

நிபுணர்கள் மாடியில் அமர்ந்தே எழுதுகிறார்கள் என்று பொதுவாகக் குறை கூறுவதும் நியாயமாகாது. ரிசர்வ் வங்கி 1951-ல் தொடங்கிய அகில இந்திய கிராமக் கடன் ஆய்வைப் பாருங்கள். ஏ. டி. கோர்வாலா தலைமையில், காட்கில் உள்ளிட்ட குழுவினர் அதை நடத்தினர். 75 மாவட்டங்களில் 600 கிராமங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. 1,27,343 குடும்பங்களின் விவரங்கள் திரட்டப்பட்டன. யாரிடம் கடன் வாங்கினீர், எதற்கு வாங்கினீர் என்று கேட்டு எழுதினர்.

விடை நம்மைத் தலைகுனிய வைத்தது. விவசாயி வாங்கிய கடனில் கூட்டுறவுச் சங்கங்கள் கொடுத்தது 3.1 விழுக்காடே, பத்தில் ஏழு பங்கு லேவாதேவிக்காரர்களுடையது. ஐம்பது ஆண்டுக் கூட்டுறவு இயக்கம் தோற்றது என்று 1954-ல் வெளியான அறிக்கை ஒளிக்காமல் சொன்னது. ஆயினும் கூட்டுறவு வெற்றி பெற்றே தீர வேண்டும் என்றும் அது வற்புறுத்தியது. சங்கங்களில் அரசு பங்குதாரராகச் சேர்வது, கடனையும் விற்பனையையும் இணைப்பது, கிடங்குகள் கட்டுவது ஆகிய யோசனைகள் அதிலிருந்து பிறந்தன. பாரத ஸ்டேட் வங்கி 1955 ஜூலை 1-ல் தோன்றியதும் அதன் பயனே.

அந்த அறிக்கை தலைவர்களை அசைத்ததற்குக் காரணம் அதன் நடை அழகன்று. லட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்களின் கணக்கு அதன் பின்னால் நின்றது.

அண்மையில் நடந்தவை

தமிழ்நாட்டு முதலமைச்சருக்கு ஆலோசனை கூறப் பொருளாதார ஆலோசனைக் குழு ஒன்று அமைக்கப்படும் என்று 2021 ஜூன் 21-ல் ஆளுநர் உரையில் அறிவிக்கப்பட்டது. நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டஃப்லோ, ரிசர்வ் வங்கியின் முன்னாள் ஆளுநர் ரகுராம் ராஜன், மத்திய அரசின் முன்னாள் தலைமைப் பொருளாதார ஆலோசகர் அரவிந்த் சுப்பிரமணியன், ஊரக வேலை உறுதிச் சட்டத்துக்காக உழைத்த ழான் திரேஸ், முன்னாள் நிதித்துறைச் செயலாளர் எஸ். நாராயண் ஆகிய ஐவர் அதில் இடம் பெற்றனர். ஐவரும் ஒரே கருத்துப் பள்ளியைச் சேர்ந்தவர்கள் அல்லர் என்பது கவனிக்கத் தக்கது. மலைப்பெரியவர் கேள்விப்பட்டது இக்குழுவைப் பற்றித்தான்.

அவருடைய மிளகைப் பற்றி யாரேனும் கேட்டார்களா? அதற்கும் ஒரு வரலாறு உண்டு. வியட்நாம் மிளகு குறைந்த விலையில் இலங்கை வழியாக உள்ளே வருகிறது என்றும், வணிக ஒப்பந்தத்தின்படி அதற்குத் தீர்வை குறைவு என்றும் தென்னாட்டு மிளகு விவசாயிகள் 2017-ல் ஓயாமல் முறையிட்டனர். அவ்வாண்டு டிசம்பரில் மத்திய அரசு, கிலோவுக்கு 500 ரூபாய்க்குக் குறைந்த விலையில் மிளகு இறக்குமதி கூடாது என்று வரம்பு விதித்தது. அதன்பின்னும் விலை உடனே நிமிர்ந்துவிடவில்லை. ஆயினும் குரல் எட்டியது. கேட்கும் வரை காத்திராமல் அவ்விவசாயிகள் தாமே சென்று சொன்னார்கள். விலைக் கணக்கோடு சொன்னார்கள்.

நாம் செய்யத் தக்கவை

ஆகவே, கூட்டுறவு அன்பர்களுக்கு என் பணிவான யோசனைகள் மூன்று.

முதலாவது, ஒவ்வொரு சங்கமும் விலைப் பதிவேடு ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். சந்தைக்குச் சந்தை மிளகு, காப்பி, மரவள்ளி, வாழை என்ன விலைக்குப் போயிற்று என்று தேதியிட்டு எழுத வேண்டும். நெசவாளர் சங்கங்கள் நூல், சாயம், பட்டு ஆகியவற்றின் கொள்முதல் விலையையும் கூலியையும் எழுத வேண்டும். நான் பார்த்த ஒரு சங்கத்தில் இப்பதிவேடு அழகாகக் கட்டப்பட்டு, உள்ளே வெறுந்தாளாக இருந்தது. வெறுந்தாளை எந்த நிபுணரும் படிக்க முடியாது.

இரண்டாவது, சாகுபடிச் செலவை ஆண்டுக்கொருமுறை ஐந்தாறு அங்கத்தினர்களிடமாவது கேட்டு எழுதுங்கள். விலை குறைந்தது என்று முறையிடுவது எளிது. செலவு இவ்வளவு, வரவு இவ்வளவு, நட்டம் இவ்வளவு என்று காட்டும் முறையீட்டுக்கே வலிமை உண்டு.

மூன்றாவது, பொதுப் பேரவையில் தீர்மானம் நிறைவேற்றும்போது "ஆவன செய்யுமாறு" என்று பொதுப்பட எழுதி விடாதீர்கள். எந்தத் தீர்வை, எந்தச் சரக்கு, எந்த மாதம் என்று தெளிவாக எழுதுங்கள். கணக்கின் நகலை இணைத்து மேலே அனுப்புங்கள். மாறுபட்ட கருத்திருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள்.

அடுத்த முறை மலைக்குச் சென்றபோது அந்தப் பெரியவரைக் கண்டேன். மகனுடைய கடன் விண்ணப்பம் மேசைமேல் இருந்தது. நிலம் முழுவதிலும் காப்பி வைக்க வேண்டாம்; பாதியில் வைத்து, நிழல் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றுங்கள்; சாமைக்கும் கொஞ்சம் இடம் விடுங்கள்; ஒரு சந்தை கைவிட்டாலும் மற்றொன்று தாங்கும் என்று கூறினேன். உலகச் சந்தையின் போக்கை அறிந்து சொன்னதன்று இது. அவருடைய தகப்பனாரின் அனுபவத்திலிருந்து நான் கற்றுக்கொண்டது.

"சரி ஐயா, எங்கள் கேள்விக்கு என்ன வழி?" என்றார்.

விலைப் பதிவேட்டைத் திறந்து அவரிடம் நீட்டினேன். அன்று காலை அவர் விற்ற மிளகின் எடையும் விலையும் முதல் வரியாக எழுதப்பட்டன. அவர் நிதானமாகக் கையெழுத்திட்டார். அந்த வரி எவ்வளவு தூரம் செல்லும் என்பது அதற்குக் கீழே நாம் எழுதப்போகும் வரிகளைப் பொறுத்தது.